முதல் எண் உரிமம்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வாழும் நமக்கு விமான ஓசை புதிதன்று. ஆயினும் இந்தியாவில் வழங்கப்பெற்ற விமானி உரிமங்களுள் முதல் எண்ணைப் பெற்றவர் யார் எனக் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அவர்தாம் ஜே. ஆர். டி. டாட்டா.

1904 ஜூலை 29-ல் பாரிஸ் நகரில் பிறந்த அவருக்குத் தந்தை இந்தியர். தாய் பிரெஞ்சுப் பெண்மணி. ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த பிளேரியோவின் குடும்பம் கோடையில் அவர்களுக்கு அண்டை வீடு. அங்கே பற்றிய ஆசை 1929 பிப்ரவரி 10-ல் உரிமமாகக் கனிந்தது. அடுத்த ஆண்டு ஆகாகான் பரிசுக்காகப் பறந்தபோது, எகிப்தில் பிளக் இன்றித் தவித்த போட்டியாளர் ஆஸ்பி இன்ஜினியருக்குத் தம்மிடமிருந்ததை ஈந்தார். பரிசு ஆஸ்பிக்கே போயிற்று!

1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து பஸ் மாத் என்னும் சிறு விமானத்தில் தபால் மூட்டையுடன் தனியே பம்பாய் வந்திறங்கினார். அங்கிருந்து அதைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொணர்ந்தவர் நெவில் வின்சென்ட். அச்சிறு தொடக்கமே ஏர் இந்தியாவாக வளர்ந்தது. நாட்டுடைமையான 1953 முதல் 1978 வரை அவரே தலைவர். ஒவ்வொரு பயணத்திலும் கண்ட குறைகளைக் குறித்து அலுவலர்களுக்கு அனுப்புவாராம். திரைச்சீலையின் நிறங்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

1982-ல் பொன்விழா வந்தது. எழுபத்தெட்டு வயதில் லெப்பர்ட் மாத் விமானத்தில் அதே வழியில் மீண்டும் தனியே பறந்தார். இத்தகையோருக்கும், தம் விருப்பத்துக்காகப் பறக்கும் பழுத்த விமானிகளுக்கும், குறித்த காலந்தோறும் திறன் சோதனை தேவையா?

தேவை என்பதே என் துணிபு. ஆயிரம் மணி நேரம் பறந்தவர் ஆயிரம் மணி நேரமும் இயல்பாகவே பறந்திருப்பார். நடுவானில் எஞ்சின் நின்றால் செய்ய வேண்டியதையோ, வேகம் குன்றி இறக்கைகள் தூக்குவிசை இழக்கும்போது மீளும் முறையையோ அன்றாடப் பறத்தல் கற்பிப்பதில்லை. பயிலாத கை மறக்கும். நம் இயற்பியல் கூடத்தில் எத்தனை பழகிய திருகு அளவியாயினும் சுழிப்பிழை பாராமல் அளக்க விடுகிறார்களா?

அமெரிக்காவில் தனியார் விமானிகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை பயிற்றுநருடன் ஒரு மணி நேரம் தரையிலும் ஒரு மணி நேரம் வானிலும் தம் திறனைக் காட்ட வேண்டும். இது தேர்வன்று, மீள்பார்வையே. லாரி ஓட்டும் என் தந்தையார் உரிமம் புதுப்பிக்க மருத்துவச் சான்று தருகிறார். அருகில் அமர்ந்து அவர் ஓட்டுவதைப் பார்ப்பவர் எவருமில்லை. மூத்தவர்களுக்கு இது அவமானம் என்பார் நம் தாம்பரம் விமானப்படைத் தளத்தைப் பார்க்கட்டும். 1954 முதல் இங்கு இயங்கும் பயிற்றுநர் பள்ளியில் தேர்ந்த விமானிகளே மாணவராய் அமர்கின்றனர்.

பொன்விழாவுக்குப் பத்தாண்டு கழித்து, 1992-ல், டாட்டாவுக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் மறைந்தார். பிறந்த பாரிஸிலேயே அவரது கல்லறை உள்ளது.