மலையைக் காத்த மாணவர்

தாவரவியல் படித்து என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று என்னைக் கேளாத உறவினர் இல்லை. விடை தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த எனக்கு ஆறுதலாக வந்து வாய்த்தது ஜான் மியூரின் வாழ்க்கை வரலாறு.

1838-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் மியூர் பிறந்தார். 1849-இல் அவர் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறியது. தந்தையோ கண்டிப்பின் வடிவம். காட்டைத் திருத்திக் கழனியாக்கும் உழைப்பிலேயே மகனின் இளமை கழிந்தது. பாறையை உளியால் செதுக்கி ஏறத்தாழ 90 அடி ஆழத்துக்குக் கிணறு வெட்டினார் மியூர். ஒருநாள் கிணற்றடியில் தேங்கிய நச்சுக்காற்றில் மயங்கி, மயிரிழையில் உயிர் தப்பினார்.

சொந்த முயற்சியால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே சக மாணவர் ஒருவர் ஒரு மரத்தின் பூவைப் பறித்துக் காட்டி, அது பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று விளக்கினார். வானோங்கிய மரமும் தரையில் படரும் கொடியும் ஒரே குடும்பமா! அந்த வியப்பே அவரைத் தாவரவியலுக்கு இழுத்தது. பட்டம் பெறாமலே 1863-இல் அவர் வெளியேறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1867-இல் தொழிற்சாலை ஒன்றில் அரம் நழுவி அவர் வலக் கண்ணில் பாய்ந்தது. மறு கண்ணும் ஒளியிழந்தது. இருட்டறையில் பல வாரங்கள் கிடந்தார். பார்வை மீண்டதும் இயந்திரங்களை விட்டு இயற்கையை நாடினார். ஃபுளோரிடா வரை ஏறத்தாழ ஆயிரம் மைல் நடந்தார். 1868-இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை அடைந்தார்.

அங்கே என்ன கண்டார்? 2,425 அடி உயரத்திலிருந்து மூன்று கட்டமாக விழும் அருவி. ஏறத்தாழ 3,000 அடி செங்குத்தாக நிற்கும் எல் காப்பிட்டான் பாறை. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த செக்கோயா மரங்கள்! அடுத்த ஆண்டு கோடையில் ஆட்டு மந்தையுடன் மலையேறியவர், பிறகு மர அறுவை ஆலையிலும் வேலை பார்த்தார். பூமி திடீரென உள்வாங்கியதால் பள்ளத்தாக்கு உண்டாயிற்று என்றார் புகழ்பெற்ற புவியியலாளர் விட்னி. பனியாறுகள் செதுக்கியவை அவை என்றார் மியூர். அறிஞர் ஏளனம் செய்தார். ஆனால் மலைகளில் உயிருள்ள பனியாற்றையே மியூர் கண்டுபிடித்தார். பனியாறுகளின் பங்கைப் பின்வந்த ஆய்வுகள் உறுதி செய்தன.

ஆடுகள் மேய்ந்து மலைப்புல்வெளிகள் அழிவதைக் கண்டு அவர் எழுதத் தொடங்கினார். அவரும் இதழாசிரியர் ஜான்சனும் பாடுபட்டதன் பயனாக, 1890 அக்டோபர் 1-இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா பிறந்தது. 1892-இல் சியரா கிளப் தொடங்கப்பட்டது. இறுதிவரை அவரே தலைவர். 1903-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவருடன் மூன்று இரவுகள் திறந்தவெளியில் தங்கினார். மாநிலத்தின் கையிலிருந்த பள்ளத்தாக்கும் 1906-இல் பூங்காவுடன் இணைந்தது.

ஆனால் கடைசிப் போரில் அவர் தோற்றார். சான்பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காகப் பூங்காவிற்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913-இல் சட்டம் வந்தது. மறு ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் நிமோனியாவால் மியூர் மறைந்தார். 1923-இல் அணை எழுந்தது. தாகத்துக்குத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்டால் எனக்கும் தயக்கமே. எனினும் மூழ்கிய பள்ளத்தாக்கு திரும்பவில்லை.

குறையற்றவரா மியூர்? இல்லை. 1851-இல் ஆயுதப்படை அப்பள்ளத்தாக்கின் அவானீச்சி மக்களை விரட்டியது. காட்டைப் போற்றிய மியூர், தொடக்கத்தில் பழங்குடியினரை இழிவாகவும் எழுதினார். 2020-இல் சியரா கிளப்பே இதை ஒப்புக்கொண்டது.

இன்று அப்பூங்காவில் நடைப்பயணம் செல்வோரும் பாறை ஏறுவோரும் கூடாரமடிப்போரும் ஆயிரமாயிரம். அவர் பெயர் தாங்கிய மலைப்பாதை 200 மைலுக்கும் மேல் நீள்கிறது. ஒரு பூவில் தொடங்கிய படிப்பு ஒரு மலையையே காத்தது. அடுத்த முறை உறவினர் கேட்டால், என்ன வேலை கிடைக்கும் என்பதை நான் அறியேன். என்ன வேலை காத்திருக்கிறது என்பதை அறிவேன் என்று சொல்வேன்.