சட்டைத் துணியால் ஒட்டுப்போட்ட விமானம்!

விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. அது பழுதானால், தானே கழற்றிச் சரி செய்யத் தெரிந்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் ஒருவர் இங்கிலாந்துப் பெண் எமி ஜான்சன்.

மீன் வியாபாரி மகள்

எமி 1903-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஹல் என்ற துறைமுக நகரில் பிறந்தார். தந்தை மீன் வியாபாரி. சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்ற எமி, லண்டனில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலைக்கு அமர்ந்தார்.

விமானத்தின் மீது அவருக்கு ஆசை பிறந்தது. ஒரு விமான கிளப்பில் சேர்ந்தார். 1929 ஜூலையில் விமானி லைசென்ஸ் பெற்றார். அதோடு நிற்கவில்லை. விமானக் கொட்டகைக்குள் புகுந்து, மெக்கானிக்குகளோடு சேர்ந்து வேலை பழகினார். கையெல்லாம் எண்ணெய்க் கறை! அந்த ஆண்டு முடிவதற்குள் பழுது பார்ப்பவருக்கான லைசென்சும் கிடைத்துவிட்டது. பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே.

துணி போர்த்திய இறக்கை

ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறக்கத் தீர்மானித்தார். புது விமானம் வாங்கப் பணம் ஏது? ஏற்கனவே பிறர் ஓட்டிய 'ஜிப்சி மாத்' ஒன்று 600 பவுண்டு விலையில் கிடைத்தது. தந்தையும், எண்ணெய் வியாபாரியான வேக்பீல்டு பிரபுவும் பணம் தந்து உதவினார்கள். தந்தையின் வியாபார முத்திரையான 'ஜேசன்' என்பதையே விமானத்துக்குப் பெயராகச் சூட்டினார் எமி.

ஜேசன் சிறிய விமானம். என்ஜின் ஒன்றுதான். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி, மெழுகிய இறக்கை அது. விமானி உட்காரும் இடத்துக்கு மேல்மூடி கிடையாது. வெயிலும் மழையும் முகத்தில் அடிக்கும்.

1930 மே 5-ந் தேதி லண்டன் அருகே கிராய்டனில் இருந்து புறப்பட்டார். உடைந்தால் மாற்றுவதற்கு ஒரு காற்றாடியை விமானத்தின் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார்.

பகலெல்லாம் பறப்பார். தரை இறங்கியதும் படுக்க முடியாது. பெட்ரோலை வடிகட்டி ஊற்ற வேண்டும். என்ஜினுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். பிளக்குகளைத் துடைக்க வேண்டும். தூங்கக் கிடைத்தது சில மணி நேரமே!

ஆறே நாளில் கராச்சி வந்து சேர்ந்தார். அது ஒரு சாதனை. பிறகு ஜான்சியில், ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கியபோது இறக்கை அடிபட்டது. அங்கேயே சரி செய்துகொண்டு கிளம்பினார்.

பர்மாவில் விபத்து

பர்மாவில் கடும் மழை. ரங்கூன் அருகே இன்செயின் என்ற ஊரில் தவறுதலாக இறங்கினார். விமானம் பள்ளத்தில் விழுந்தது. காற்றாடி உடைந்தது. இறக்கைத் துணி கிழிந்தது.

அது தொழிற்கல்விக் கூடத்தின் மைதானம். அங்கிருந்தவர்கள் உதவிக்கு ஓடி வந்தார்கள். முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே கிடைத்தன. அவற்றை வெட்டி இறக்கைக்கு ஒட்டுப்போட்டார்கள்! கட்டிக் கொண்டு வந்த காற்றாடியும் அப்போது கைகொடுத்தது.

இதில் சில நாட்கள் போயின. ஆஸ்திரேலியாவுக்கு 15½ நாளில் பறந்த ஹிங்க்ளரின் சாதனையை எட்ட முடியவில்லை. ஆனாலும் எமி திரும்பிப் போகவில்லை. மே 24-ந் தேதி டார்வின் நகரில் இறங்கினார். சுமார் 11 ஆயிரம் மைல்! ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்து வந்த முதல் பெண் அவர்தான். வயது 26.

சோக முடிவு

1932-ல் விமானி ஜிம் மாலிசனை மணந்தார். 1938-ல் விவாகரத்து ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, ராணுவ விமானங்களை ஊருக்கு ஊர் கொண்டு சேர்க்கும் வேலையில் சேர்ந்தார்.

1941 ஜனவரி 5-ந் தேதி மோசமான வானிலையில் வழி தவறி, தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் பாரசூட்டில் குதித்தார். அவரைக் காப்பாற்றக் கடலில் பாய்ந்த கப்பல் தலைவர் வால்டர் பிளெச்சரும் உயிர் இழந்தார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை.

அவர் தன் கையால் எண்ணெய் இட்டுப் பராமரித்த ஜேசன், இன்றும் லண்டன் விஞ்ஞானக் காட்சிச்சாலையில் இருக்கிறது.