ஆனந்த் நகரின் திரிபுவன்தாஸ் படேல்

2025-ம் ஆண்டு நமது பாராளுமன்றம் கூட்டுறவுக் கல்விக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் இயற்றியது. குஜராத்தின் ஆனந்த் நகரில் அமைந்த அதற்குத் திரிபுவன் சகாரி பல்கலைக்கழகம் என்று பெயர். யார் இந்தத் திரிபுவன் என்று பலர் வியந்திருக்கலாம். அமுல் வெண்ணெயை அறியாத வீடு இல்லை. குரியன் பெயரையும் நாடறியும். ஆனால் அவ்விரண்டுக்கும் முன்னால் அங்கு இருந்தவர் திரிபுவன்தாஸ் கிஷிபாய் படேல்.

1903-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி ஆனந்தில் பிறந்தவர் அவர். ஆமதாபாதில் காந்தியடிகள் நிறுவிய குஜராத் வித்யாபீடத்தில் பயின்றார். அந்தக் காலத்து வித்யாபீட மாணவர் போகும் வழியிலேயே அவரும் போனார். 1930, 1935, 1942 என மும்முறை சிறைவாசம். சர்தார் வல்லபாய் படேலின் நம்பிக்கைக்குரிய ஜில்லா ஊழியர்களில் ஒருவராக இருந்தார். நாற்பது வயது வரை அவருக்கும் பால் வியாபாரத்துக்கும் பெரிய சம்பந்தம் ஒன்றும் இல்லை.

கெய்ரா ஜில்லாவில் பால் என்றால் பெரும்பாலும் எருமைப் பால்தான். கொழுப்புச் சத்து மிகுந்தது. ஒன்றிரண்டு எருமைகளை வைத்துக் காலம் தள்ளும் ஏழைக் குடியானவர்களே அங்கு அதிகம். பாலுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. நெல்லையும் பருத்தியையும் விலை படியும் வரை வீட்டில் போட்டு வைக்கலாம். பாலைச் சில மணி நேரம்கூட வைக்க முடியாது. விலை படிந்தாலும் படியாவிட்டாலும் எருமையைக் கறந்தே ஆக வேண்டும். கறந்த பாலை வாங்குபவர் ஒருவரே என்றால், அவர் சொன்னதே விலை.

அப்படி ஒருவர் ஆனந்தில் இருந்தார். பெஸ்டன்ஜி தலால் என்ற பார்சி வணிகர் நடத்திய போல்சன் கம்பெனிதான் அது. பம்பாயில் பழகிய நம் பெரியவர்களுக்கு போல்சன் காப்பிப் பொடி நினைவிருக்கும். வெண்ணெயிலும் அவர்களே கொடி கட்டிப் பறந்தனர். 1945-ல் பம்பாய் அரசு நகரத்துக்கு நல்ல பால் வழங்க ஒரு திட்டம் தொடங்கிற்று. நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் பாலைப் பதப்படுத்தி அனுப்பும் உரிமை போல்சனுக்குக் கிடைத்தது. அரசுக்கு ஒரு விலை, போல்சனுக்கு ஒரு லாபம், நடுவில் தரகர்களுக்கு ஒரு பங்கு என்று எல்லாம் முறையாக வகுக்கப்பட்டிருந்தன. கறந்தவனுக்கு எவ்வளவு என்பதை மட்டும் யாரும் வரையறுக்கவில்லை.

குடியானவர்கள் சர்தாரிடம் முறையிட்டார்கள். தரகர்களை விலக்கி, பாலைச் சேர்ப்பது, பதப்படுத்துவது, விற்பது எல்லாவற்றையும் தாங்களே கூட்டுறவாக நடத்த வேண்டும் என்பது சர்தாரின் யோசனை. அதற்கு அரசு இணங்காவிட்டால் பால் தருவதையே நிறுத்த வேண்டியிருக்கும், நஷ்டம் வரும், தாங்குவீர்களா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொண்டார். காரியத்தை முடித்துவர மொரார்ஜி தேசாயை அனுப்பினார். 1946 ஜனவரி 4-ந் தேதி சமர்க்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. கிராமந்தோறும் ஒரு சங்கம், சங்கங்கள் சேர்ந்து ஜில்லாவுக்கு ஒரு யூனியன், அரசு அந்த யூனியனிடமே பால் வாங்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பொறுப்பு திரிபுவன்தாஸ் தலையில் விழுந்தது.

அரசு இணங்கவில்லை. பதினைந்து நாட்கள் வியாபாரிகளுக்கு ஒரு சொட்டுப் பால் போகவில்லை. தினசரி வருமானத்தை நம்பிய குடும்பங்களுக்கு அந்தப் பதினைந்து நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பம்பாய்த் திட்டம் ஆட்டம் கண்டது. பால் கமிஷனர் நேரில் வந்து பார்த்துவிட்டுக் கோரிக்கையை ஏற்றார். கெய்ரா ஜில்லா கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் யூனியன் 1946 டிசம்பர் 14-ந் தேதி பதிவாயிற்று, திரிபுவன்தாஸ் தலைவர்.

வேலைநிறுத்தம் செய்வது ஒரு கஷ்டம் என்றால், அதற்குப் பின் சங்கம் நடத்துவது அதைவிடக் கஷ்டம். திரிபுவன்தாஸ் கிராமம் கிராமமாக நடந்தார். கூட்டுறவு என்றாலே அரசாங்க வேலை என்று அஞ்சிய மக்களிடம் உட்கார்ந்து பேசினார். 1948 ஜூனில் பால் அனுப்பத் தொடங்கியபோது சங்கங்கள் இரண்டே. நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர். அவ்வாண்டு முடிவில் 432 பேர் 5,000 லிட்டர் ஊற்றினார்கள். பட்டேலும் ஹரிஜனும் ஒரே வரிசையில் நின்று ஊற்றினார்கள். வந்த வரிசைப்படியே அளவு. காந்தியடிகளின் தொண்டர் ஒருவருக்கு இதில் தனி மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும்.

யூனியனுக்குக் கிடைத்தவை பழைய, ஓய்ந்துபோன யந்திரங்கள். பால் பம்பாய் போய்ச் சேருமுன் கெட்டுவிடும். 1949 மே மாதம் அரசாங்கப் பால் நிலையத்துக்கு வர்கீஸ் குரியன் என்ற இளம் என்ஜினியர் வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டுக்காரர், சென்னை லயோலாவிலும் கிண்டி என்ஜினியரிங் கல்லூரியிலும் படித்தவர். அரசு உதவிச் சம்பளத்தில் அமெரிக்கா போய் வந்த கடமைக்காக, மனமில்லாமல் வந்தவர். பக்கத்திலிருந்த திரிபுவன்தாஸ் யந்திரம் பழுதாகும்போதெல்லாம் அவரை அழைப்பார். இவற்றைத் தூர எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று குரியன் சொல்ல, திரிபுவன்தாஸ் கடன் திரட்டி வாங்கினார். அரசு விடுவித்ததும் குரியன் மூட்டை கட்டினார். புது யந்திரம் ஓடும் வரை இருங்கள் என்று திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். அந்தச் சில மாதங்கள் ஒரு வாழ்நாளாக நீண்டது.

இங்கேதான் திரிபுவன்தாஸின் பெருமை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டில் சங்கத் தலைவர்கள் மானேஜரை வேலை செய்ய விடுவது அபூர்வம். இவர் குரியனுக்கு முழுச் சுதந்திரம் தந்தார். அரசியல்வாதிகளின் தலையீட்டைத் தாம் தாங்கிக்கொண்டார். இவர் மேல் கிராமத்தாருக்கு இருந்த நம்பிக்கை இல்லாவிட்டால் குரியனின் யந்திரத் திறமை ஆனந்தில் எடுபட்டிராது.

பனிக்காலத்தில் எருமைகள் கோடையைப் போல் இரண்டு மடங்கு கறக்கும். அந்த உபரியைப் பம்பாய் வாங்காது. அதைப் பவுடராக்கினால்தான் விடிவு. எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கூறி வந்தனர், எச்.எம். தலாயா என்ற நிபுணர் ஆனந்திலேயே முடியும் என்று காட்டினார். யூனிசெப் ஸ்தாபனம் யந்திரங்கள் அளித்தது. அதற்கு ஈடாக ஜில்லாவின் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பால் தர யூனியன் ஒப்புக்கொண்டது. பால் கறக்கும் வீட்டுக் குழந்தைக்கே பால் கிட்டாத ஊர்களில் இது சிறிய காரியமல்ல. 1955 அக்டோபர் 31-ந் தேதி, சர்தாரின் பிறந்த நாளன்று, நேரு புதிய பால்பண்ணையைத் திறந்து வைத்தார். அமுல் என்ற பெயரும் அக்காலத்தில் பிறந்ததே.

1963-ல் திரிபுவன்தாஸ், குரியன், பம்பாயின் தாரா குரோடி மூவருக்கும் சேர்த்து மகசேசே விருது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு பத்மபூஷண். 1964 அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அஜர்புரா கிராமத்தில் ஓர் இரவு தங்கி, குடியானவர்களோடு பேசிவிட்டு, இம்முறை நாடெங்கும் பரவ வேண்டும் என்றார். 1965-ல் ஆனந்திலேயே தேசிய பால்வள வாரியம் அமைந்தது. தமிழகத்தின் ஆவினும் அந்த அமைப்பு முறையைத் தழுவியதுதான். திரிபுவன்தாஸ் 1967 முதல் 1974 வரை ராஜ்யசபை உறுப்பினராகவும் இருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் தாமாகவே தலைமைப் பதவியிலிருந்து விலகினார். விடை கொடுக்கும்போது, ஆளுக்கு ஒரு ரூபாய் வீதம் உறுப்பினர்கள் சேர்த்த ஆறு லட்சம் ரூபாய் பணமுடிப்பை அவரிடம் அளித்தார்கள். அவர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. தாய்மார், குழந்தைகளின் ஆரோக்கியத்துக்காக 1975-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். எருமைக்கு வைத்தியம் பார்க்க டாக்டர் வரும் கிராமத்தில், பிரசவத்துக்கு ஆள் இல்லாத நிலை அப்போது இருந்தது. பால் சங்கத்தையே அடித்தளமாக வைத்து, அந்தந்த ஊரிலேயே ஒருவரை ஆரோக்கிய ஊழியராகப் பயிற்றுவித்தார்கள்.

1994 ஜூன் 3-ந் தேதி திரிபுவன்தாஸ் காலமானார். ஒரு ரூபாய்களில் பிறந்த அந்த அறக்கட்டளைக்கு அவருக்குப் பின் குரியன் தலைவரானார்.