துயரிலே துணை கண்டவர்

யோசேப்பு ஸ்கிறிவன் 1819 ஆம் ஆண்டு அயர்லாந்து தேசத்திலே பிறந்தவர். டப்ளின் நகரத்துத் திரித்துவக் கல்லூரியிற் கற்றுப் பட்டம் பெற்றவர். அவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணநாளுக்கு முதல் நாள் மணமகள் நீரில் மூழ்கி உயிர்நீத்தார். மணமுழவு கேட்கவேண்டிய மனையிலே சாப்பறை கேட்டல் கூடும் என்று நாலடியார் உணர்த்தும் நிலையாமை, அவர் வாழ்வில் மெய்யாயிற்று.

உள்ளம் உடைந்தவர் 1845 இல் கனடா சென்று ஆசிரியத் தொழில் புரிந்தார். 1855 அளவில், அயர்லாந்திலே துயருற்றிருந்த அன்னையைத் தேற்றும்பொருட்டு ஒரு பாட்டு எழுதி அனுப்பினார். கவலை யாவையும் செபத்தினாலே இயேசு என்னும் நண்பரிடம் ஒப்புவிக்குமாறு கூறுவது அப்பாட்டு. ஆக்கியோன் பெயரின்றியே அது முதலில் அச்சேறியது.

துன்பம் அவரை விட்டகலவில்லை. அங்கே அவர் மணக்கவிருந்த மற்றொரு நங்கையும் 1860 இல் நோயுற்று இறந்தார். தாய்க்கு எழுதிய ஆறுதலை இப்பொழுது தாமே பற்றிநிற்க வேண்டியவரானார். அவர் பின்பு மணம் நாடினாரல்லர். ஏழைகளுக்கும் கைம்பெண்களுக்கும் கூலி பெறாது விறகு அரிந்து கொடுத்தார். தம் உடைமையையும் பகிர்ந்தளித்தார்.

1886 இல் அவர் இறக்கும்வரை துயரம் முற்றும் நீங்கிற்று எனல் பொருந்தாது. விசுவாசம் அவர் இழந்தவரை மீட்டுத் தரவில்லை. அழுது முறையிடுதற்கு ஒரு துணையையும், பிறர் கண்ணீரை அறியும் நெஞ்சையும் தந்தது. அப்பாட்டு இன்று தமிழ்த் தேவாலயங்களிலும் பாடப்படுகிறது.