விரல்களால் கண்டவர்

சென்ற விடுமுறையில் பழைய கார் ஒன்றோடு நான் மல்லுக்கு நின்றேன். எங்கள் பேராசிரியர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வண்டி அது. அதில் க்ரூயிஸ் கண்ட்ரோல் என்னும் கருவி உண்டு. வேகத்தைக் குறித்துவிட்டால், காலை எடுத்த பின்னும் வண்டி அதே வேகத்தில் ஓட வேண்டும். எங்கள் வண்டியோ சிறிது தூரம் ஓடி, மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும்.

ஃபியூஸைச் சோதித்தேன், பழுதில்லை. பிரேக் ஸ்விட்சைப் பார்த்தேன், அதுவும் சரியே. மூன்று நாள் டார்ச் விளக்கோடு தேடியும் பயனில்லை. அப்போதுதான் பேராசிரியர், இக்கருவிக்கு வழி வகுத்தவர் பார்வையற்றவர் என்று கூறினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிரவே அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ரால்ப் டீட்டர் 1890-ஆம் ஆண்டு அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்து ஹேகர்ஸ்டவுனில் பிறந்தார். ஐந்து வயதில் கத்தி பட்டு ஒரு கண் போயிற்று. சிறிது காலத்தில் மற்றதும் ஒளியிழந்தது. பெற்றோர் அவரை மூலையில் உட்கார்த்தி வைக்கவில்லை. குடும்பத்தாரின் தொழிற்கூடமே அவருக்கு விளையாட்டுத் திடலாயிற்று. பன்னிரண்டு வயதில், உறவுப் பையன் துணையோடு ஒரு மோட்டார் வண்டியையே செய்து ஓட்டச் செய்தார்! 1912-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்றார்.

முதல் உலகப் போரின்போது, போர்க்கப்பல்களின் நீராவி டர்பைன் சுழலிகளைச் சமநிலைப்படுத்துவது பெருஞ்சிக்கலாக இருந்தது. அதைத் தீர்த்தவர்களுள் டீட்டரும் ஒருவர். அதிர்வு எங்கே பிறக்கிறது என்பதை அவர் விரல்கள் அறிந்தன. 1936-இல் அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார்.

காரோட்டும் பேறு அவருக்கு இல்லை. பிறர் ஓட்ட உடன் செல்பவர்தாம். ஒருநாள் அவருடைய வழக்கறிஞர் ஓட்டினார். அவர் பேசினால் வண்டி தளரும்; கேட்டால் விரையும். கண்ணுள்ளவர்கள் பொருட்படுத்தாத அந்தக் குலுக்கல் டீட்டரின் உடலில் உறைத்தது. வேகத்தை மனிதனின் கவனத்திடம் விட்டுவைப்பானேன் என்று சிந்திக்கலானார். வண்டியின் சுழலும் தண்டிலிருந்தே வேகத்தை அறிந்து, அதற்கேற்ப ஆக்ஸிலேட்டரை அடக்கும் கருவியை உருவாக்கினார். 1950-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் அதைத் தன் கார்களில் பொருத்தியது. பின்னர் காடிலாக் கார்களில் வழங்கிய க்ரூயிஸ் கண்ட்ரோல் என்ற பெயரே உலகில் நிலைத்தது. 1982-இல் டீட்டர் மறைந்தார்.

மறுநாள் காலை மீண்டும் வண்டியருகே சென்றேன். எங்கள் காரில் ஆக்ஸிலேட்டரை இழுத்துப் பிடிப்பது என்ஜினின் வெற்றிட விசை. அதைக் கொண்டு செல்வது ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய். கண்ணை மூடிக்கொண்டு அக்குழாயை அங்குலம் அங்குலமாகத் தடவினேன். முனையருகே, அடிப்பக்கத்தில், நகக்கீறல் போன்ற வெடிப்பு ஒன்று விரலில் தட்டுப்பட்டது! கண்ணுக்கு எட்டாத இடம். அவ்வழியே காற்றுப் புகுந்து விசையைக் கெடுத்திருக்கிறது. அந்த முனையை வெட்டிவிட்டு, எஞ்சிய குழாயை மாட்டினேன். அன்று மாலை வண்டி குறித்த வேகத்தில் நின்று ஓடியது.

நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் கருவி ஒன்று உங்களை ஏய்க்கும்போது, ஒரு நிமிடம் கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள். டீட்டர் கண்ட வழி அதுதான்.