ஸ்டாடிங்கர் கண்ட சங்கிலி

பிளாஸ்டிக் வாளியும் நைலான் கயிறும் இல்லாத விடுதி அறை நம்மில் எவருக்கும் இல்லை. இவற்றின் உறுதிக்குக் காரணம் இன்னதென்று உலகுக்கு உணர்த்தியவர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். இரசாயனம் பயிலும் எனக்கு அவர் வரலாறு ஒரு பாடம்.

ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் 1881-ஆம் ஆண்டு பிறந்தார். ஜூரிச்சில் பேராசிரியராயிருந்தபோது, 1920-இல், ரப்பர் போன்ற பொருள்கள் அணுவோடு அணு இரசாயனப் பிணைப்பால் கோத்த நெடுஞ்சங்கிலிகள் என்றார். அறிஞர் பலர் ஏற்கவில்லை. அவை சிறு மூலக்கூறுகளின் கூட்டமே. இரட்டைப் பிணைப்புகளில் எழும் மெல்லிய கவர்ச்சியால் ஒட்டியிருக்கின்றன என்பது அவர்கள் கொள்கை.

ஸ்டாடிங்கர் சோதனையில் இறங்கினார். 1922-இல் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜனால் நிரப்பினார். எதிர்ப்பாளர் கூற்று மெய்யானால், கூட்டம் கலைந்து, காய்ச்சி வடிக்கத்தக்க சாதாரணத் திரவம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை, ரப்பரின் குணம் பெரிதும் மாறவில்லை!

அப்படியும் எதிர்ப்பு உடனே அடங்கவில்லை. 1926-இல் பிரைபர்க் சென்று, பாலிஸ்டைரீன் முதலியவற்றை ஆக்கி ஆராய்ந்து, சான்றின்மேல் சான்று சேர்த்தார். 1953-இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 72. 1965-இல் மறைந்தார்.

ஆய்வுக்கூடத்தில் வேலை கைகூடாத மாலைகளில் அந்த 33 ஆண்டுகளை எண்ணிக்கொள்கிறேன். மறுநாள் காலை மீண்டும் குடுவையைக் கையில் எடுக்க மனம் வருகிறது.