வை. மு. கோதைநாயகி அம்மையார்

ஏடும் எழுத்தும் ஆடவர்க்கே உரியவை என்று மக்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று குமரி மாவட்டத்துக் கீரிப்பாறை போன்ற மலையடிவாரச் சிற்றூர்களிலும் சிறுமியர் புத்தகங்களைச் சுமந்து பள்ளிக்குச் செல்கின்றனர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் இக்காட்சி பெருநகரங்களிலும் அரிதாகவே இருந்தது. 1901-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எழுதப் படிக்க அறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். அதே ஆண்டில் பிறந்து, பள்ளி வாயிலை மிதியாமலே வளர்ந்து, பின்னாளில் 35 ஆண்டுகள் ஒரு திங்களிதழை நடத்திய பெண்மணி ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே வை. மு. கோதைநாயகி அம்மையார்.

அம்மையார் 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள், நீர்வளூர் வேங்கடாச்சாரியார்க்கும் பட்டம்மாளுக்கும் மகளாகப் பிறந்தார். ஒரு வயது நிரம்பிய அளவிலேயே அன்னையை இழந்தார். சிற்றப்பாவும் சிற்றன்னையும் அவரைப் பரிவுடன் வளர்த்தனர். அக்காலத்தில் பெண்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே மணம் முடித்தல் வழக்கம். பெண்களின் திருமண வயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1929-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. எனவே, 1907-ஆம் ஆண்டில், ஐந்தரை வயதுச் சிறுமியாய் இருந்தபோதே கோதைநாயகிக்குத் திருமணம் நடந்தேறியது. கணவர் வை. மு. பார்த்தசாரதி சென்னைத் திருவல்லிக்கேணியைச் சேர்ந்தவர்.

இளமணம் பல பெண்களின் அறிவு வளர்ச்சிக்குத் தடையாயிற்று. ஆனால், கோதைநாயகியின் வாழ்வில் புகுந்த வீடே கல்விச்சாலையாயிற்று. பெரியோர் ஓதக் கேட்டு ஆழ்வார்களின் பாசுரங்களை அவர் மனத்தில் இருத்திக்கொண்டார். இசையிலும் பயிற்சி பெற்றார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு, புதிய புதிய கதைகளைத் தாமே புனைந்து கூறுவது அவருடைய வழக்கம். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். மேடையில் கண்டவற்றை எண்ணி எண்ணி, தாமும் ஒரு நாடகம் இயற்ற வேண்டும் என்னும் ஆவல் அம்மையார் உள்ளத்தில் எழுந்தது.

ஆவல் இருந்தது, கற்பனை வளமும் இருந்தது. ஆனால், எழுதும் பயிற்சி இல்லை. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழியார் பட்டம்மாள் எழுதி வந்தார். இவ்வாறு உருவான நாடகமே ‘இந்திரமோகனா’. அது 1924-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து பாராட்டைப் பெற்றது. நூலாசிரியர் என்று பெயர் பெற்ற பின்னரும், எழுதக் கற்றுக்கொள்ள அம்மையார் நாணவில்லை. தோழியிடமே பயின்று, விரைவில் தம் கையாலேயே எழுதும் ஆற்றலை அடைந்தார்.

நாடகத்தை அடுத்து நாவல் எழுதத் தொடங்கினார். அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவருக்கு ஊக்கம் அளித்தார். அம்மையாரின் முதல் நாவல் ‘வைதேகி’ என்பது. நூல்களை வெளியிடத் தமக்கென ஓர் இதழ் வேண்டும் என்று உணர்ந்த அவர், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்னும் திங்களிதழை 1925-ஆம் ஆண்டில் வாங்கித் தாமே ஆசிரியராய் அமர்ந்தார். பெண்களுக்கென வெளிவந்த இதழ்களையும் பெரும்பாலும் ஆடவரே நடத்திய காலம் அது. 1905-ஆம் ஆண்டில் தோன்றிய ‘சக்கரவர்த்தினி’ என்னும் மாதர் இதழுக்குப் பாரதியாரே ஆசிரியராய் இருந்தார். பண்டிதை விசாலாட்சி அம்மாளைப் போன்ற மிகச் சில பெண்மணிகளே அதற்கு முன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றிருந்தனர். அவ்வழியில் அம்மையாரும் துணிந்து அடியெடுத்து வைத்தார்.

அத்துணிவிற்கு எளிதில் வரவேற்புக் கிட்டவில்லை. குடும்பப் பெண் கதை எழுதுவதா, அதனை அச்சிட்டு விற்பதா என்று பலரும் ஏளனம் செய்தனர். அம்மையார் அவர்களோடு வாதிடவில்லை. திங்கள்தோறும் இதழைக் கொண்டு வருவதே அவர் அளித்த மறுமொழியாக அமைந்தது. கணவரும் உறுதுணையாக நின்றார். ஏட்டின் பக்கங்களில் தொடர்ந்து வெளிவந்த அவருடைய நாவல்களைப் படிக்க வாசகர் ஆவலுடன் காத்திருந்தனர். அடுப்பங்கரையை விட்டு வெளியே வராத பெண்கள் பலர், அவர் கதைகளின் பொருட்டே படிக்கும் பழக்கத்தை மேற்கொண்டனர்.

அம்மையார் இயற்றிய நாவல்கள் 115 ஆகும். கைம்பெண்களின் துயரம், வரதட்சணைக் கொடுமை, மதுவினால் குடும்பங்கள் அடையும் கேடு ஆகியவற்றை அவர் தம் கதைகளில் எடுத்துக்காட்டினார். கைம்பெண் மறுமணத்தை ஆதரித்தும் எழுதினார். அவற்றுட் சில திரைப்படங்களாகவும் வெளிவந்தன. 1938-ஆம் ஆண்டில் ‘அநாதைப் பெண்’ திரைக்கு வந்தது. ‘தயாநிதி’ என்னும் நாவல், அம்மையார் மறைந்த பின் 1966-ஆம் ஆண்டில் ‘சித்தி’ என்னும் பெயருடன் படமாகி வெற்றி பெற்றது.

எழுத்தோடு அமையாது, நாட்டுப் பணியிலும் அவர் ஈடுபட்டார். 1925-ஆம் ஆண்டில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அம்மையார் அவரைக் கண்டார். அச்சந்திப்பு அவர் வாழ்வை மாற்றியது. பட்டாடையையும் அணிகலன்களையும் துறந்து, கதர் உடுத்தலானார். அம்புஜம்மாள் முதலிய பெண்மணிகளோடு சேர்ந்து தொண்டாற்றினார். மேடைகளில் அவர் பேசும்போது குட்டிக் கதைகளை இடையிடையே கூறி மக்களின் உள்ளத்தைக் கவர்வார். இனிய குரலில் நாட்டுப் பாடல்களையும் பாடுவார். புகழ்பெற்ற இசையரசி டி. கே. பட்டம்மாள் இளமையில் மேடையேறத் துணைநின்றோருள் அம்மையாரும் ஒருவர்.

1931-ஆம் ஆண்டில் கள்ளுக்கடை மறியலில் கலந்துகொண்டு அவர் சிறை புகுந்தார். இல்லத்தையும் இதழையும் விட்டுச் செல்வது அவருக்கு எளிதன்று. எனினும், மதுவின் தீமையைப் பற்றி எழுதுவது மட்டும் போதாது, அதனை எதிர்த்து நிற்பதும் கடமை என்று கருதினார். சிறையிலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. உடனிருந்த பெண் கைதிகளின் வரலாறுகளைப் பரிவுடன் கேட்டார். அங்கிருந்தே நாவலும் எழுதினார். அந்நியத் துணி விலக்கு இயக்கத்திலும் அவர் பங்கு பெரிதாகும்.

இரண்டாம் உலகப்போரின்போது காகிதத் தட்டுப்பாட்டினால் இதழ்கள் பலவும் அல்லலுற்றன. அத்தகைய இடர்களையெல்லாம் கடந்து ‘ஜகன்மோகினி’ நடைபெற்றது. நாடு விடுதலை பெற்ற பின்னும் அம்மையார் ஓய்வை விரும்பவில்லை. காந்தியடிகள் மறைந்த 1948-ஆம் ஆண்டில், திருவல்லிக்கேணியில் ‘மகாத்மாஜி சேவா சங்கம்’ என்னும் அமைப்பை நிறுவிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்தார். விடுதலைப் போரில் ஈடுபட்டமைக்காக அரசு அவருக்குப் பத்து ஏக்கர் நிலம் வழங்கியது. அதனையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது, வினோபா அடிகளின் பூதான இயக்கத்திற்கு அளித்துவிட்டார்.

1956-ஆம் ஆண்டில் அவருடைய அருமை மகன் சீனிவாசன் மறைந்தார். அத்துயரம் அம்மையாரின் உடல்நலத்தைக் குலைத்தது. பின்னர் என்புருக்கி நோய்க்கு ஆளாகி, 1960-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவருடைய நாவல்கள் பொழுதுபோக்கிற்கே உரியவை என்று கூறும் திறனாய்வாளரும் உளர். விரைந்து எழுதப்பட்ட அக்கதைகளில் நிகழ்ச்சிகளின் விறுவிறுப்பு மிகுதி, கலைநயம் குறைவு என்பது அன்னோர் கருத்து. அது முற்றிலும் மறுக்கத்தக்கதன்று. ஆயினும், ஒருவரின் பணியை அவர் வாழ்ந்த காலத்தோடு பொருத்திப் பார்த்தலே முறையாகும். படிக்கும் பெண்டிர் மிகச் சிலராய் இருந்த நாளில், அவர் பெண்களுக்காக எழுதிப் பெண்களைப் படிக்கச் செய்தார். பெண் ஒருத்தி ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் நெடுங்காலம் நிலைத்து நிற்க இயலும் என்பதைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தார். இன்று செய்தித்தாள் அலுவலகங்களில் அமர்ந்து எழுதும் பெண்கள் நடக்கும் பாதையில் அம்மையாரின் காலடிகளும் பதிந்துள்ளன.

எழுதத் தெரியாத நிலையிலேயே நூலாசிரியரான அவர், தெரியாது என்பதை ஒரு குறையாக எண்ணி ஒதுங்கவில்லை. தெரிந்தவரிடம் கேட்டுக் கற்றார். கற்றதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாது நாட்டுக்கு அளித்தார். கல்வி கற்கும் வாய்ப்பு வீடு தேடி வரும் இந்நாளில், மாணவ மாணவியர் அவர் வாழ்விலிருந்து கொள்ளத்தக்க பாடம் இதுவேயாகும்.